வளாகத்துக்குள் ஊரும் சேரியும்

(கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் கூடிய ஓர் அறைக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

கல்வி வளாகங்களில் தலித் மாணவர்களின் நிலைமை பற்றிப் பேசச் சொன்னாங்க. இந்தத் தலைப்புக்கு வர்றவங்க வழக்கமா ஒரு கணக்கோட வருவாங்க. எத்தனை இடம் ஒதுக்கினான், எத்தனை நிரப்பினான், எத்தனையைத் 'தகுதியான ஆள் கிடைக்கலை'ன்னு காலியாப் போட்டான். அந்தக் கணக்கு வேணும். விடாமக் கேட்கணும். ஆனா இன்னிக்கு நான் அந்தக் கணக்கில் வராத ஒண்ணைப் பேசப்போறேன். சீட்டு கிடைச்சு உள்ளே வந்த பிறகு அந்த வளாகத்துக்குள்ள நாம எங்க நிக்கிறோம், எங்க உட்கார்றோம், எங்க சாப்பிடுறோம், எங்கெல்லாம் நம்மால நிக்க முடியல. இதுதான் விஷயம்.

தமிழில் 'இடம்' என்கிற சொல்லைக் கொஞ்சம் பாருங்க. 'பையனுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருச்சு' என்று ஊரில் சொல்கிறோம். கிடைத்தது பட்டியலில் ஒரு வரிசை எண். 'இட ஒதுக்கீடு' என்கிறோம். 'ஒதுக்கு' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. உனக்கென்று தனியாக எடுத்து வைப்பதும் ஒதுக்குவதுதான். ஓரமாகத் தள்ளி வைப்பதும் ஒதுக்குவதுதான். சட்டம் முதல் அர்த்தத்தில் எழுதி வைத்ததை வளாகம் இரண்டாவது அர்த்தத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு பழமொழியும் இருக்கு, 'இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்'னு. இது யார் சொல்ற பழமொழி? மடம் யார் கையில இருக்கோ அவன் சொல்றது.

கிராமத்தில் கோடு கண்ணுக்குத் தெரியும். ஊர் இங்க, சேரி அங்க. நடுவில் ஒரு வாய்க்காலோ ரோடோ இருக்கும். எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம், எந்தத் திண்ணையில் உட்காரக்கூடாது என்பதை நம்ம அம்மா அப்பா நமக்கு அஞ்சு வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கல்லூரி அப்படி இல்லை என்று நம்பித்தான் வருகிறோம். இங்க தெரு கிடையாது, வராந்தா. திண்ணை கிடையாது, பெஞ்சு. எல்லாருக்கும் பொதுன்னு எழுதியிருக்கு. ஆனா ஒரு வருஷம் இருந்து பாருங்க. வராந்தாவுக்குள்ளயே தெரு இருக்கிறது தெரியும்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் சாதிப் பாகுபாடு நடக்கிறதா என்று விசாரிக்கப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2007இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையில் என் மனசில் நின்றுபோன விஷயம் விடுதி பற்றியது. ஆதிக்கச் சாதி மாணவர்கள் கொடுத்த தொல்லையில், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் தங்கள் அறைகளை மாற்றிக்கொண்டு மாற்றிக்கொண்டு கடைசியில் சில விடுதிகளின் குறிப்பிட்ட தளங்களில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. இது தீட்டுத் தளம் என்று போர்டும் மாட்டவில்லை. கதவில் அசிங்கமாக எழுதுவது, சாப்பாட்டு மேசையில் எழுந்து போவது, விளையாட்டில் சேர்க்காமல் விடுவது, இவ்வளவுதான் செய்தார்கள். நாட்டிலேயே பெரிய டாக்டர்கள் உருவாகிற கட்டிடத்துக்குள் ஒரு சேரி தானாக முளைத்தது. நம்ம ஊர்ச் சேரியும் 'தானாக' முளைத்தது என்றுதானே சொல்கிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2018 டிசம்பரில் ஒரு மெஸ்ஸில் சைவம் சாப்பிடுறவங்க போக ஒரு வாசல், அசைவம் சாப்பிடுறவங்க போக ஒரு வாசல், கை கழுவவும் தனித்தனித் தொட்டின்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. செய்தி வெளியே வந்து சத்தம் கிளம்பினதும் எடுத்துட்டாங்க. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 2023இல் மெஸ்ஸில் சைவர்களுக்கென்று தனி மேசை ஒதுக்கினார்கள். எதிர்த்து அதே மேசையில் உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இதில் சாதி எங்கே வந்தது, இது உணவுப் பழக்கம்தானே என்று ரொம்ப நாகரிகமாகக் கேட்பார்கள். நம்ம பாட்டிமார்களைக் கேளுங்க, டீக்கடையில் தனி கிளாஸ் வெச்சவனும் 'சுத்தம்'னுதான் சொன்னான்.

இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் நின்று பேச நினைக்கிறது ஐதராபாத்தைப் பற்றி.

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் 1974இல் வந்தது. கச்சிபவுலியில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். பாறையும் புதரும் குட்டையுமான நிலம். ஒரு கட்டிடத்துக்கும் அடுத்த கட்டிடத்துக்கும் நல்ல நடை. இப்படிப் பரந்து கிடக்கிற வளாகத்தில் மனுசன் மனுசனைப் பார்க்கிற இடம் ரொம்பக் கொஞ்சம். அதில் ஒன்று ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ். மாணவர்கள் 'ஷாப்காம்' என்று கூப்பிடுவார்கள். டீ குடிக்க, ஜெராக்ஸ் எடுக்க, சும்மா நிற்க, சாயங்காலம் கூட்டம் போட, எல்லாத்துக்கும் அதுதான். ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பறையை விட இந்த மாதிரி இடம்தான் நம்ம ஆட்களுக்கு அதிகம் கற்றுக் கொடுக்கும் என்பது என் கருத்து. வகுப்பறையில் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். டீக்கடையில் பேசுகிறோம்.

அங்கே தலித் மாணவர்கள் 1990களில் அம்பேத்கர் மாணவர் சங்கம் கட்டினார்கள். மெஸ் நிர்வாகம், விடுதி, உதவித்தொகை என்று இந்த அன்றாட விஷயங்களில்தான் சண்டை ஆரம்பித்தது. 2002 ஜனவரியில் பத்து தலித் மாணவர்களை ஒரேயடியாக வெளியேற்றினார்கள். 2008 பிப்ரவரியில் செந்தில்குமார் இறந்தார். நம்ம சேலத்துப் பிள்ளை, பன்னியாண்டி சாதியிலிருந்து இயற்பியலில் ஆராய்ச்சி செய்யப் போனவர். அவருக்கு ஆய்வு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. இதை யோசிச்சுப் பாருங்க. துறைக் கட்டிடம் இருக்கு, லேப் இருக்கு, இவர் பெயர் பதிவேட்டில் இருக்கு. ஆனா போய் நிற்க ஒரு அறை இல்லை, 'சார் இருக்காரா'ன்னு கேட்டுத் தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை. இடம் கிடைத்தும் இடம் இல்லாதவர். அந்த மரணத்தை அன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் பேசினோம் என்பது தனியா ஒரு கேள்வி.

2015 டிசம்பரில் அதே பல்கலைக்கழகம் ரோகித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வாளர்கள் மீது ஒரு தண்டனை போட்டது. அந்த உத்தரவை நீங்க ஒரு வரைபடமாகப் படிக்கணும். உங்க துறைக்குப் போகலாம். நூலகத்துக்குப் போகலாம். கருத்தரங்குக்குப் போகலாம். விடுதிக்குள் வரக்கூடாது. நிர்வாகக் கட்டிடத்துக்குள் வரக்கூடாது. பொது இடங்களில் கூட்டமாக வரக்கூடாது. மாணவர் தேர்தலில் நிற்கக்கூடாது. இதன் பொருள் என்ன? வேலை செய்ய வா, வேலை முடிந்ததும் கண்ணில் படாதே. நம்ம தாத்தாக்களுக்கு ஊர் போட்ட கட்டளை இதுதானே! களத்துமேட்டுக்கு வரலாம், வயலுக்கு வரலாம், மாட்டுத் தொழுவத்துக்கு வரலாம். வீட்டுக்குள் கூடாது, கோயில் தெருவில் கூடாது, சாவடியில் நாலு பேரோடு உட்காரக்கூடாது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டிடம் எல்லாருக்கும் பொது என்று ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். 91 வருஷம் கழித்து ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுக்கிறது, பொது இடத்துக்கு வராதே என்று.

2016 ஜனவரி முதல் வாரத்தில் அறைகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஐந்து பேரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ரோகித் அம்பேத்கர் படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்தப் புகைப்படத்தை நீங்க பார்த்திருப்பீங்க. வெளியே வந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் முக்கியம். கேட்டுக்கு வெளியே ரூம் எடுக்கலை. ஊருக்குப் பஸ் ஏறலை. வளாகத்திலேயே ஆள் அதிகம் கூடுகிற அந்த ஷாப்காமில் போய், திறந்தவெளியில் கூடாரம் போட்டுத் தூங்கினார்கள். பொது இடத்தில் கூடாதே என்று சொன்னாய் இல்லையா, இதோ பொது இடத்திலேயே குடியிருக்கிறோம் என்றார்கள். அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள், 'வெலிவாடா'.

தெலுங்கில் வெலிவாடா என்றால் ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்களின் குடியிருப்பு. நம்ம சேரி. அந்த 'வெலி' நம்ம 'வெளி'க்கு உறவுச் சொல். தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் 'வெளி' பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் என்ன சொன்னான், ஜெர்மன்காரன் என்ன சொன்னான் என்று. படிக்கத்தான் வேணும், நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா அந்த ஐந்து பேரும் ஃப்ளெக்ஸும் கம்பும் வைத்துக் கட்டிய நாலு சுவர், வெளி என்றால் என்ன என்பதை அந்தக் கட்டுரைகளை விடத் தெளிவாகச் சொன்னது. மறைவாக இருந்த சேரியைத் தூக்கிக்கொண்டு வந்து வளாகத்தின் நடுவில் வைத்துவிட்டார்கள். இனி டீ குடிக்கப் போகிற ஒவ்வொருத்தனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகணும். பேராசிரியர் காரில் போனாலும் பார்க்கணும். சேரி எங்கே இருக்கு, எங்க வளாகத்தில் அப்படி எதுவும் இல்லையே என்று இனி ஒருத்தனும் சொல்ல முடியாது.

ஜனவரி 17ஆம் தேதி ரோகித் இறந்தார். அதற்குப் பிறகு அந்த இடம் வேறொன்றாக ஆனது. நாடு முழுக்க இருந்து மாணவர்கள் வந்து உட்கார்ந்த இடம். ரோகித்தின் தாய் ராதிகா வந்து உட்கார்ந்த இடம். மார்ச் 22ஆம் தேதி விடுப்பில் போயிருந்த துணைவேந்தர் திரும்பப் பொறுப்பேற்றபோது போராட்டம் வெடித்தது. தடியடி, மாணவர்களும் ஆசிரியர்களும் கைது. மெஸ்ஸை மூடினாங்க, தண்ணீரையும் இணையத்தையும் நிறுத்தினாங்கன்னு மாணவர்கள் சொன்னாங்க. பசிக்கு வெட்டவெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த ஒரு மாணவரைப் போலீஸ் அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. ஒரு வளாகத்தில் அடுப்பு மூட்டுவது இவ்வளவு பெரிய குற்றமா? ஆமாம். ஏன்னா அடுப்பு எரிகிற இடம் குடியிருப்பு. குடியிருந்தவனைக் காலி பண்ணச் சொல்றது கஷ்டம்.

2019 ஜனவரியில் நிர்வாகம் வெலிவாடாவை அகற்றியது. ஃப்ளெக்ஸைக் கிழித்துக் கம்பைப் பிடுங்குவது எளிது. ஒவ்வொரு ஜனவரி 17க்கும் மாணவர்கள் நினைவுநாள் கூட்டத்துக்கு அந்த மண்ணில்தான் வந்து நிற்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரைத் தெலுங்கானா அரசு 2025 மார்ச் கடைசியில் புல்டோசரை விட்டு அழிக்க ஆரம்பித்தபோது, மாணவர்கள் போய் வழி மறித்தார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்னது. சும்மா கிடக்கிற நிலம் என்று அரசு சொன்னது. எந்த நிலம் சும்மா கிடக்கு, எது யாருக்குச் சொந்தம் என்று ஆவணத்தை வைத்துக்கொண்டு சொல்கிறவர்களிடம், அங்கே நடந்து பழகினவர்கள் பதில் சொல்கிறார்கள். இதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

இந்த இடத்தில் ஒண்ணு கேட்கணும். நாம எப்பவும் தள்ளப்பட்ட இடத்தைப் பற்றியே பேசுறோமே, நாமே தேர்ந்தெடுத்துக் கட்டிய இடம் எதுவும் இல்லையா? இருக்கு. அவுரங்காபாத்.

அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கில் தனியாக உட்கார்ந்து படித்தவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்குத் தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து விரட்டினார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலேறினார். அப்படி இடமில்லாமல் நின்றவர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி. 1950இல் அவுரங்காபாத்தில் அடுத்த கல்லூரி. ஏன் அவுரங்காபாத்? பழைய நிஜாம் ஆட்சியில் கிடந்த மராத்வாடா, படிப்பு வாசனையே போய்ச் சேராத பகுதி. கல்லூரிக்கு மிலிந்த் என்று பெயர். நாகசேனர் என்ற பிக்குவிடம் வாதம் செய்து, தோற்றதும் அதை ஒப்புக்கொண்ட கிரேக்க அரசன் மிலிந்தன். வளாகத்துக்கு நாகசேனவனம் என்று பெயர். பெயரிலேயே ஒரு பாடம் வைத்தார். ராஜாவாக இருந்தாலும் வாதத்தில் தோற்றால் ஒத்துக்கொள். நம்ம பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்லணும்.

அந்த வளாகத்துக்குக் கிராமத்திலிருந்து வந்தவர்கள்தான் பின்னால் மராத்தி தலித் இலக்கியத்தின் ஒரு பெரிய பகுதி. அங்கே ஆசிரியராக இருந்த கங்காதர் பான்தாவணே நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' பத்திரிகை இல்லாமல் அந்த வரலாற்றை எழுத முடியாது. அதாவது, நமக்குன்னு ஒரு வளாகம் இருந்தா அங்கிருந்து பத்திரிகை வருது, நாடகம் வருது, கவிதை வருது. எய்ம்ஸ் விடுதியின் குறிப்பிட்ட தளத்திலிருந்து கவிதை வர்றது கஷ்டம், அங்க உயிரோட இருக்கிறதே பெரும்பாடு.

அதே ஊரில் 1958இல் மராத்வாடா பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு அம்பேத்கர் பெயரை வைக்கணும் என்று கேட்டார்கள். 1978 ஜூலை 27ஆம் தேதி மகாராஷ்டிர சட்டமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டன. உடனே மராத்வாடா கிராமங்களில் தலித் வீடுகள் எரிய ஆரம்பித்தன. கொலை, பாலியல் வன்முறை, ஊரைவிட்டு விரட்டுதல். கவனிச்சுப் பாருங்க. பெயர்ப்பலகை மாறப்போவது அவுரங்காபாத் கேட்டில். எரிந்தது நூறு மைலுக்கு அப்பால், பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதித்திராத கூலிக்காரனின் குடிசை. சாதி இந்துவுக்கு இடம் என்றால் என்ன என்பது நம்மை விட நல்லாத் தெரியும். கேட்டில் பெயர் மாறினால் ஊர் சாவடியில் உட்கார்ந்திருக்கிறவனின் பெயரும் நாளைக்கு மாறும் என்று அவனுக்குப் புரிந்தது. பதினாறு வருஷம் போராடி 1994 ஜனவரி 14ஆம் தேதிதான் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் ஆனது. அதுவும் பழைய பெயரை எடுக்காமல் முன்னால் சேர்த்தார்கள். இன்றைக்கும் ஜனவரி 14 வந்தால் அந்தப் பல்கலைக்கழக வாசலைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கிராமத்துச் சனம் வருது. படிக்க வர்றவங்க இல்லை. அந்த வளைவுக்குக் கீழே நின்று பார்த்துட்டுப் போக வர்றவங்க.

இப்போ நம்ம சென்னைக்கு வருவோம். 1891இல் தொடங்கிய சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990இல் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி ஆனது. 2008 நவம்பர் 12 உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், சின்னவங்களா இருந்தாலும் டி.வி.யில் பார்த்திருப்பீங்க. தேவர் ஜெயந்திக்கு அடித்த போஸ்டரில் கல்லூரியின் பெயரிலிருந்து 'அம்பேத்கர்' என்பதை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டார்கள். அங்கிருந்து வளர்ந்த பகை, அன்றைக்கு மாணவனை மாணவன் கட்டையால் அடிப்பதில் போய் முடிந்தது. கேட்டுக்கு வெளியே போலீஸ் நின்று வேடிக்கை பார்த்தது. விழுந்து கிடந்தவனை அடித்ததை நான் நியாயப்படுத்த வரலை. அது தப்பு. ஆனா டி.வி.க்காரன் அந்தச் சில நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினான். போஸ்டரில் வெட்டப்பட்ட அந்த ஒரு சொல்லை அவன் காட்டவில்லை. மராத்வாடாவில் வைக்காதே என்று எரித்தார்கள். இங்கே வைத்த பிறகு அடித்து எடுத்தார்கள். கேட்டில் இருக்கிற பெயருக்கு இத்தனை கனம்.

விசாரணைக் கமிஷன் வந்தது. கல்லூரியை அங்கிருந்து மாற்றணும் என்ற பேச்சும் கூடவே வந்தது. 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் இரண்டாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள், பலிக்கவில்லை. புதுக் கட்டிடம் நல்லாத்தான் இருக்கு, பழைய கட்டிடம் விரிசல் விட்டிருந்தது, அதெல்லாம் சரி. எதை இழந்தோம் என்று பாருங்க. பாரிமுனை என்பது பஸ்ஸும் ரயிலும் வந்து சேருகிற இடம். செங்கல்பட்டுப் பக்கமிருந்தும் வரலாம், கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வரலாம். வகுப்பு முடிந்ததும் எதிரிலேயே கோர்ட்டுக்குள் போய் உட்கார்ந்து வாதம் கேட்கலாம். தம்புசெட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். அப்பாவோ மாமனோ வக்கீலாக இருக்கிற பிள்ளைக்குப் புதுப்பாக்கம் தூரமில்லை, அவனுக்குக் கோர்ட் வீட்டிலேயே இருக்கு. முதல் தலைமுறையாகக் கறுப்புக் கோட்டு போட வந்தவனுக்குப் பாரிமுனைதான் மாமன். அந்த மாமனை எடுத்துவிட்டார்கள்.

தினமும் வந்துபோகிற பிள்ளைகளுக்கு வளாகம் எது என்று யோசித்தால், பாதி வளாகம் பஸ்ஸும் ரயிலும்தான். பச்சையப்பன் கல்லூரி, மாநிலக் கல்லூரி, நந்தனம். பச்சையப்பன் கல்லூரியில் 1920களின் பிற்பகுதி வரை நம்ம ஆட்களைச் சேர்க்கவே இல்லை. இன்றைக்கு அங்கே படிப்பதில் பெரும்பாலானவர்கள் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு விளையாட்டரங்கம் சொந்தமில்லை, ஆடிட்டோரியம் சொந்தமில்லை. கடைசி சீட்டு, ஃபுட்போர்டு, பஸ்ஸின் தகரத்தில் தாளம் தட்டிப் பாடுகிற கானா, இவைதான் சொந்தம். 'ரூட்டு தல' என்று ஒரு பட்டம். பத்திரிகைகள் ரவுடி என்று எழுதுகின்றன. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உட்கார இடம் தராத ஒரு நகரத்தில் ஓடுகிற பஸ்ஸைத் தன் இடமாக்கிக்கொண்டவன் அவன்.

ஆனா இதைப் பெருமையாப் பேசி முடிச்சுட முடியாது தோழர்களே. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பச்சையப்பன் மாணவர்கள் தாக்கியதில் திருத்தணியிலிருந்து ரயிலில் வந்து படித்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் செத்துப்போனார். எந்த ரூட்டு யாருடையது என்ற சண்டை. அந்த ரூட்டில் ஓடுகிற ரயில் இவனுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை. யாருக்கு இடமில்லையோ அவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது ஆள்கிறவர்களுக்கு வசதி. இந்தப் பிள்ளைகளிடம் போய்ப் பேச நம்ம இயக்கங்களில் ஆள் இல்லை. பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இருக்கிற வாசகர் வட்டம் ஃபுட்போர்டில் தொங்குகிறவனுக்கு இல்லை. இதை இந்த அறையில் இருக்கிறவர்கள் யோசிக்கணும்.

பெண்கள் பற்றி ஒரு வார்த்தை. நான் இதுவரை சொன்ன டீக்கடை, ஷாப்காம், கடைசி சீட்டு எல்லாமே ஆண்கள் நிற்கிற இடம். ஆறு மணிக்கு விடுதிக் கதவை மூடினால் சேரியிலிருந்து வந்த பெண்பிள்ளைக்கு வளாகம் என்பது ஒரு வகுப்பறை, ஒரு படுக்கை, நடுவில் ஒரு பாதை, அவ்வளவுதான். கூட்டத்துக்கு ஏன் பெண்கள் வர்றதில்லைன்னு நாம அலுத்துக்கறோம். கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு டீக்கடையில் வெச்சுட்டு! முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தோழி சிரிக்கிறாங்க. அவங்களே இதைப் பற்றிப் பேசுவாங்க, நான் விடுறேன்.

நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், அட்டெண்டர் ஒரு சுற்றறிக்கையோடு வகுப்புக்கு வருவார். ஆசிரியர் சத்தமாகப் படிப்பார். 'எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு, ஆபீஸ் ஜன்னலுக்குப் போங்க.' எழுந்து நடக்கிற அந்த வராந்தா மொத்தமும் முப்பது அடி இருக்கும். நான் நடந்ததிலேயே நீளமான பாதை அது. இப்போ எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஃபாரம் ஆன்லைனில் போகுது. பணம் வர்றதுக்குள்ள ஃபீஸ் கட்டச் சொல்லி நிற்க வைக்கிற ஜன்னல் அங்கேயேதான் இருக்கு.

கடைசியா விடுதிக்கு வர்றேன். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் இருந்தவங்க இங்க யாராவது இருப்பீங்க. சென்னையின் எத்தனையோ கல்லூரிகளில் படித்த நம்ம பிள்ளைகள் படுத்துத் தூங்கிய இடம். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் இருந்த இடம், தண்ணீருக்கும் சோற்றுக்கும் பல தடவை ரோட்டில் உட்கார்ந்த இடம். அதே இடத்தில்தான் போஸ்டர் எழுதினார்கள், தேர்வுக்குப் படித்தார்கள், ஊரில் நடந்த கொலைக்குக் கண்டன ஊர்வலம் கிளம்பினார்கள். 2025இல் அங்கே புதிய பல மாடிக் கட்டிடம் திறந்திருக்கிறார்கள். அதே வருஷம் ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் எல்லாம் இனிமேல் 'சமூகநீதி விடுதி' என்றது. கேட்டில் இருக்கிற பெயருக்கு எவ்வளவு கனம்னு இவ்வளவு நேரம் பேசினவன் நான், அதனால பெயர் மாற்றத்தைச் சாதாரணமாச் சொல்ல மாட்டேன். விடுதியின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்று பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கின பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஆனா போர்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு போர்டு மாட்டினவங்க சொல்ல மாட்டாங்க. அடுத்த கூட்டம் அடுத்த மாசம். வரும்போது ஒவ்வொருத்தரும் உங்க விடுதியில் எத்தனை பேர், எத்தனை கழிப்பறை, அதில் எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருக்கு, தண்ணி எத்தனை மணிக்கு நிக்குது, வார்டன் ராத்திரி தங்குறாரா, விடுதியிலிருந்து கல்லூரிக்கு எத்தனை பஸ், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துட்டு வாங்க. கூடவே உங்க வளாகத்தை ஒரு படமா வரைஞ்சு, நீங்க இதுவரைக்கும் கால் வைக்காத இடம் எதெல்லாம்னு அதில் குறிச்சுட்டு வாங்க. அதை வெச்சுத்தான் அடுத்து பேசணும். இப்போ கேள்வி இருந்தா கேளுங்க, முதலில் அந்தத் தோழி பேசட்டும்.